செவி கொடுத்தவர்கள்

வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு குரல். திருமங்கலம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு காலத்தில் திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் காலை முதல் இரவு வரை ஒலித்துக்கொண்டே இருந்தன என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1987-ஆம் ஆண்டில் மதுரைக்கென ஒரு நிலையம் வந்த பிறகு அந்தக் குரல் இன்னும் நெருங்கி வந்தது. அறிவிப்பாளரை நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவர் நம் வீட்டில் ஒருவர். அவர் பேசுவார், நாம் கேட்போம். வானொலியின் இலக்கணமே இதுதான்.

இந்த இலக்கணத்தைத் தலைகீழாக மாற்றிய வானொலியாளர் ஒருவர் உண்டு. பேசுவது அவருடைய தொழில். ஆனால் கேட்பதை அவர் தொண்டாக ஏற்றுக்கொண்டார். அவருக்கு முன்னும் பின்னும் அதே பணியைச் செய்தவர்கள் லண்டனிலும் கொழும்பிலும் நம் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அவர்கள் கண்டறிந்த எளிய உண்மை ஒன்றைப் பற்றியும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். துயரத்தின் எல்லையில் நிற்கும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது அறிவுரை அன்று, ஒரு செவி. இதுவே அந்த உண்மை.

லண்டனில் ஒரு தொலைபேசி

1935-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார் தம் வாழ்வின் முதல் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். பருவமடைதலின் இயல்பான அறிகுறியைத் தீராத நோய் என்று அஞ்சியதே காரணம். அது நோயன்று என்று சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லை. கேட்க அவளுக்குத் துணிவும் இல்லை. அந்த இழப்பை வாரா வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1953 நவம்பர் 2-ஆம் நாள் லண்டனிலுள்ள புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில், மனமுடைந்தவர்கள் அழைப்பதற்கென ஒரு தொலைபேசியை அவர் ஏற்பாடு செய்தார். தொலைபேசியில் மட்டுமன்றி நேரிலும் மக்கள் வரத் தொடங்கினர். பாதிரியாரைக் காண வரிசையில் காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து பேச்சுக்குத் துணையாக இருந்தார்கள்.

அங்கேதான் வாரா ஒரு விந்தையைக் கண்டார். காத்திருந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலேயே மனம் தேறி வீடு திரும்பினர். தேநீர் கொடுத்தவரிடமே அவர்கள் தங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டனர். படித்த பாதிரியார் செய்ய நினைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாதாரண மனிதர்கள் செய்துவிட்டார்கள். 1954 பிப்ரவரியில் வாரா தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். இவ்வாறு உருவானதே ‘சமாரிட்டன்ஸ்’ என்னும் அமைப்பு. தம் பிழைப்புக்காகச் சிறுவர் படக்கதை இதழ்களுக்கும் எழுதிவந்த அந்தப் பாதிரியார் 2007-ஆம் ஆண்டு, 95 வயதில் மறைந்தார்.

வானொலியாளரின் மறுபக்கம்

தொடக்கத்தில் குறிப்பிட்ட வானொலியாளர் பெர்னார்ட் மேய்ஸ். 1929-இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று, ஆசிரியராக இருந்து, பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பாதிரியாரானவர். 1958-இல் அமெரிக்கா சென்றார். அங்கிருந்து பி.பி.சி.க்குச் செய்தியாளராகப் பணியாற்றினார்.

அவர் குடியேறிய சான் பிரான்சிஸ்கோ அழகிய நகரம். ஆனால் அந்நாட்டில் தற்கொலை மிகுந்த நகரங்களுள் அதுவும் ஒன்று. செய்தியாளராக அதைப் பற்றி ஒரு செய்தி எழுதி அனுப்பிவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. 1961-இல் நகரின் வறிய பகுதியொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார், ஒரு தொலைபேசி இணைப்பு வாங்கினார், தம் பெயரை ‘புரூஸ்’ என்று மாற்றி வைத்துக்கொண்டார். மதுக்கடைகளில் கொடுக்கப்படும் தீக்குச்சி மடிப்புகளில், வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணுகிறீர்களா, புரூஸை அழையுங்கள் என்ற பொருளில் வாசகம் அச்சிட்டு எண்ணையும் சேர்த்தார். நல்லவர்கள் கூடும் மண்டபங்களில் விளம்பரம் செய்யாமல், நொந்தவர்கள் கூடும் இடத்தைத் தேடிப்போய் விளம்பரம் செய்ததில் அவருடைய அறிவும் அன்பும் ஒருங்கே தெரிகின்றன.

முதல் நாள் இரவு ஒரே ஓர் அழைப்பு வந்தது. முதல் வாரத்தில் பத்து அழைப்புகள். பிறகு அழைப்புகள் பெருகின, தொண்டர்கள் சேர்ந்தனர், அமைப்பு நிலைத்தது. அமெரிக்காவில் இவ்வகைத் தொலைபேசி உதவி நிலையங்களுள் முதலாவது என்று இது பேசப்படுகிறது.

மேய்ஸ் வானொலியையும் கைவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் பொதுமக்கள் வானொலி நிலையத்தை வளர்த்தார். 1970-இல் தோன்றிய அமெரிக்கத் தேசியப் பொது வானொலியின் முதல் தலைவரானார். நாவல்களை வானொலி நாடகமாக்கி, அவற்றில் தாமே நடித்தார். பின்னாளில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணியும் ஆற்றினார். பாதிரியார் பதவியைத் துறந்து, தாம் ஒருபாலீர்ப்பு உடையவர் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி வாழ்ந்தார். தன்னை மறைத்துக்கொண்டு வாழ்வதன் வேதனையை அறிந்த ஒருவர், பெயர் சொல்லாமல் பேசலாம் என்று மற்றவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது பொருத்தமானதே. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில், தமது 85-ஆம் வயதில் அவர் காலமானார். 2022 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதற்கும் 988 என்ற மூன்றிலக்க எண் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதன் பின்னணியில் அந்த வாடகை அறையும் இருக்கிறது.

கொழும்பும் சென்னையும்

நம் அண்டை நாடான இலங்கையில் 1974-ஆம் ஆண்டு ஜோன் டி மெல் என்னும் அம்மையார் ‘சுமித்ராயோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ‘நல்ல நண்பர்கள்’ என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள்.

தமிழ்நாட்டில் இந்த விளக்கை ஏற்றியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986 ஏப்ரலில் சென்னையில் அவர் நிறுவிய அமைப்பு ‘சினேகா’. அன்றைய நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மனநல மருத்துவரிடம் போவதென்றால் தெருவே ஒரு மாதிரியாகப் பார்க்கும். அதைவிடப் பெரிய தடை சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. எனவே குடும்பத்தினர் உண்மையை மறைத்தனர். பிழைத்தவர் மனம்விட்டுப் பேச வேண்டிய நேரத்தில் காவல் நிலையத்துக்கு அஞ்சி வாய்மூடி இருந்தார்.

இத்தகைய சூழ்நிலையில், பெயர் கேட்காமல், கட்டணம் வாங்காமல், சாதி மதம் பாராமல் பேசலாம் என்று ஓர் இடம் திறந்தது என்பது சிறிய செய்தியன்று. அதிலும் ஒரு சிறப்பு உண்டு. நிறுவனர் மனநல மருத்துவர். ஆயினும் தொலைபேசியை எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்களே எடுக்கிறார்கள். வாரா தேநீர்க் கோப்பையில் கண்ட உண்மையை, மருத்துவம் படித்த ஒருவர் ஏற்றுக்கொண்டு செயல்படுத்தினார். மருந்து வேண்டியவருக்கு மருத்துவம் இன்றியமையாதது. ஆனால் மருத்துவரிடம் போகும் வரையிலான அந்த ஓர் இரவைக் கடப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

அழைப்பில் நடப்பது என்ன?

தொலைபேசியில் பேசினால் துன்பம் தீர்ந்துவிடுமா என்று நம்மில் பலர் நினைக்கலாம். கடன் தீராது, தோற்ற பாடம் வெற்றியாகாது, பிரிந்தவர் திரும்பமாட்டார். எனில் பேச்சால் என்ன பயன்? இதற்கு விடை காண, மனநெருக்கடியின் இயல்பை அறிய வேண்டும்.

முதலாவது, நெருக்கடியின் உச்சம் நிலையானதன்று. அலைபோல் எழுந்து தணியும். பலருக்கு அந்த உச்சம் சில மணி நேரமே நீடிக்கிறது, சிலருக்குச் சில நிமிடங்களே. அந்த நேரத்தைத் துணையோடு கடந்துவிட்டால் உயிர் தப்புகிறது. இரண்டாவது, சாக வேண்டும் என்று சொல்பவரின் மனம் முழுவதும் சாவை விரும்புவதில்லை. வலி நின்றால் போதும் என்பதே அவருடைய உண்மையான விருப்பம். வாழும் ஆசை ஒரு மூலையில் இருப்பதனால்தான் அவர் தொலைபேசியை எடுக்கிறார். மூன்றாவது, கடுந்துயரில் அறிவு சுருங்கிவிடுகிறது. கிணற்றுக்குள் இருப்பவனுக்கு வானம் ஒரு வட்டமாகத் தெரிவதுபோல, வழிகள் பல இருந்தும் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் படுகிறது. வாய்விட்டுப் பேசும்போது அந்த வட்டம் சற்று விரிகிறது.

ஆகவே தொண்டர் செய்வது எளிமையானது. அதே சமயம் மிகக் கடினமானது. அவர் குறுக்கிடுவதில்லை. ‘இதற்கெல்லாமா அழுவார்கள்’ என்று சொல்வதில்லை. தம் சொந்தக் கதையைத் தொடங்குவதில்லை. சரி, தவறு என்று தீர்ப்பு வழங்குவதில்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை. அழுகை வந்தால் அது அடங்கும்வரை காத்திருக்கிறார். தேவையான இடத்தில், ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்கிறார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது என்பதே மருத்துவ அறிஞர்களின் முடிபு. அன்போடு கேட்கப்படும் அந்தக் கேள்வி, அடைத்துக் கிடந்த ஒன்றைத் திறந்துவிடுகிறது.

வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே சொல்லப்படுவது கற்றவரிடம் கேட்டு நாம் அறிவு பெறுவது. சினேகாவின் தொண்டர்கள் செய்வது வேறு வகையான கேள்வி. துயருற்றவர் சொல்வதைக் கேட்டு, அவருக்கே அவர் மனத்தைத் திருப்பிக் கொடுப்பது. இதையும் செவிச்செல்வம் என்று சொன்னால் மிகையாகாது.

தொலைபேசிக்கு வெளியே

ஆயிரக்கணக்கானவர்களின் துயரத்தைக் கேட்கும் ஓர் அமைப்பு, அந்தத் துயரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்துகொள்கிறது. லட்சுமி விஜயகுமாரும் சினேகாவும் தாம் கேட்டவற்றைத் தொலைபேசி அறையோடு விட்டுவிடவில்லை. அதன் பயன் இன்று நம் வீடுகள் வரை வந்திருக்கிறது.

தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் மாணவர் அழைப்புகள் மிகும். ஒரு பாடத்தில் தோற்றால் ஓராண்டே வீணாகும் நிலை இருந்தபோது, அந்த ஓராண்டே பலருக்கு வாழ்வின் முடிவாகத் தோன்றியது. தோற்ற பாடத்தை உடனடியாக மீண்டும் எழுத வாய்ப்பளிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் சினேகாவுக்கு முக்கிய இடம் உண்டு. இன்று நாம் வெகு சாதாரணமாகப் பேசும் துணைத்தேர்வு எத்தனை பிள்ளைகளைக் காத்தது என்பதைக் கணக்கிட முடியாது.

நம்மைப் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய மற்றொன்று உண்டு. நம் கரிசல் காட்டு வீடுகளில் பூச்சிமருந்து டப்பா பரணிலோ மூலையிலோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கோபத்திலும் அவமானத்திலும் எடுக்கப்படும் ஒரு கணத்து முடிவுக்கு அது துணைபோகிறது. சினேகாவைச் சேர்ந்தவர்கள் கடலூர் மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைத் தேர்ந்து, உழவர்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், பூட்டுள்ள தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தனர். அவ்வூர்களில் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன. இவ்வாய்வு 2013-இல் வெளியாயிற்று. வீட்டிலிருந்து கிடங்குக்கு நடக்கும் தூரம் சிறியதுதான். ஆனால் அந்தத் தூரத்தில் மனம் மாறிவிடுகிறது. இலங்கையிலும் இதே பாடந்தான். 1995-ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருந்த அந்நாடு, கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதன்பின் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

சட்டமும் மாறியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309-ஆவது பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாகச் சொல்லப்படுகிறது. குற்றவாளி என்ற நிலையிலிருந்து நோயாளி என்ற நிலைக்கும், நோயாளி என்ற நிலையிலிருந்து நம்மில் ஒருவர் என்ற நிலைக்கும் நாம் நடக்கவேண்டிய பாதையில் இது ஒரு பெரிய மைல்கல் என்பதில் ஐயமில்லை.

கண்மாய்க் கரையில் ஒரு மாலை

இனி என் அனுபவம் ஒன்று. மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த அன்று, எங்கள் ஊர் நண்பன் ஒருவன் கணக்கில் தோற்றிருந்தான். மாலையில் அவனைக் கண்மாய்க் கரையில் கண்டேன். ஆறுதல் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். தோற்றவர்கள் பிற்காலத்தில் உயர்ந்த கதைகளையெல்லாம் சொன்னேன். படித்தால் முடியாதது ஒன்றுமில்லை என்றேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் நான் ஒருவனே பேசினேன். கடைசியில் அவன் என்னைப் பார்த்து, “நீ பேசுறதைக் கொஞ்சம் நிறுத்துறியாடா? நான் சொல்றதைக் கேளேன்” என்றான்.

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வாய்மூடினேன். பிறகுதான் அவன் சொன்னான். தோல்வியைவிட, தன் தனிப்பயிற்சிக்காக அப்பா ஆட்டுக்குட்டிகளை விற்றதே அவனை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் அந்தக் காலிப் பட்டியைப் பார்க்க முடியாது என்றான். இருட்டும்வரை பேசினான். நான் சொன்னதெல்லாம், “நானும் கூட வரேன், வா போகலாம்” என்பது ஒன்றுதான். இருவருமாக நடந்து போனோம். அவனுடைய தந்தை அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. “சாப்பிட்டியாப்பா?” என்று மட்டும் கேட்டார். அவன் துணைத்தேர்வு எழுதித் தேறி, இப்போது விருதுநகரில் படித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சில் நான் அவனுக்கு உதவவில்லை, என் அச்சத்தையே போக்கிக்கொண்டேன் என்பது சினேகாவைப் பற்றிப் படித்த பின்பே எனக்கு விளங்கியது. அவன் அன்று என்னை நிறுத்தச் சொல்லாமல், தலையாட்டிவிட்டு எழுந்து தனியே போயிருந்தால்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களுள் தமிழ்நாட்டவர் 19,834 பேர். நாட்டில் இறந்தவர்களுள் மாணவர்கள் மட்டும் 13,044 பேர். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வகுப்பறையும் ஒரு காலி இருக்கையும் இருக்கின்றன.

இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? ஆகவே இங்கே எழுதுகிறேன். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சினேகாவின் எண் 044-24640050. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணியாற்றி வருகிறது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே சிகிச்சையும் கிடைக்கிறது. இவ்வெண்களை நம் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் விடுதிச் சுவரிலும் நிலையாக எழுதிவைத்தால் என்ன? மேய்ஸ் தீக்குச்சி மடிப்பைத் தேர்ந்தெடுத்ததுபோல், நாம் தேர்வு முடிவு ஒட்டப்படும் பலகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எண்கள் மட்டும் போதா. பழகிய நண்பன் திடீரென ஒதுங்கினால், பொருள்களை மற்றவர்க்குக் கொடுத்துவிட்டு விடைபெறுவதுபோல் பேசினால், ‘நான் இருந்து என்ன’ என்றால், அதை விளையாட்டாக எண்ண வேண்டாம். அருகில் அமருங்கள். கேளுங்கள். நிலைமை கடுமை என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்லுங்கள். இரகசியம் காப்பது நல்லதுதான். ஆனால் உயிரினும் பெரிய இரகசியம் இல்லை. நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து நான்கு நாள் இடம் காலியாக இருந்தால், அபராதத்துக்கு முன் ஒருமுறை ‘என்னப்பா, என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள்.

வாராவிடம் இருந்தது ஒரு தேவாலயத்தின் தொலைபேசி. மேய்ஸிடம் இருந்தது ஒரு வாடகை அறை. லட்சுமி விஜயகுமாரிடம் இருந்தவை ஒரு தொலைபேசியும் சில தொண்டர்களும். இவற்றில் நமக்குக் கிட்டாதது எதுவுமில்லை. கல்லூரி வேப்பமரத்தடியும் விடுதித் திண்ணையும் கண்மாய்க் கரையும் நமக்கு இருக்கின்றன. பேசுவதற்கு ஒருவர் வந்தால், நாம் சற்றே வாய்மூடி இருப்போம்.